குளிர்கால வார இறுதிக்கு யார்க், பாத், லிவர்பூல், டரம்: உங்களுக்கு எந்த ஊர் சரிப்படும்?

நவம்பர் பிறந்ததும் ஒரே மாதிரிக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். "ரெண்டு நாள் கிடைக்குது, யார்க் போகவா, பாத் போகவா?" "ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்காங்க, இந்தக் குளிரில் எங்கே கூட்டிப்போறது?" "பசங்களோட லிவர்பூல் போனா மழையில் மாட்டிக்குவோமா?" லண்டனிலோ அதைச் சுற்றியோ இருந்துகொண்டு, சனிக்கிழமை காலை கிளம்பி ஞாயிறு இரவு வீடு திரும்ப நினைப்பவர்கள்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள்.

ஊரின் அழகை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்பதுதான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது. இங்கே நான் எடுத்துக்கொண்ட ஊர்கள் எல்லாமே அழகானவை. கோடையில் எதற்குப் போனாலும் நாள் நன்றாகவே கழியும். குளிர்காலத்தில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: மாலை நாலு மணிக்கு இருட்டிவிட்ட பிறகு, தூங்கப் போகும் வரை, அந்த ஊரில் என்ன செய்வீர்கள்? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்தது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் வெளிச்சம். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் யார்க்கில் காலை எட்டேகாலுக்கு மேல்தான் சூரியன் எழும். மாலை மூன்றே முக்காலுக்குள் மறைந்துவிடும். டரம் இன்னும் வடக்கே இருப்பதால் பகல் அங்கே மேலும் கொஞ்சம் குறைவு. பாத் தெற்கிலும் மேற்கிலும் இருப்பதால் நாலு மணி வரை தாக்குப்பிடிக்கும். இப்போது கணக்குப் போடுங்கள். லண்டனில் ஒன்பது மணி ரயில் பிடித்தால் யார்க்கில் இறங்கும்போது பதினொன்று. விடுதியில் பையைப் போட்டுவிட்டு, ஒரு காபி குடித்து வெளியே வந்தால் பன்னிரண்டு. சனிக்கிழமையின் பகலில் உங்களுக்கு மிச்சமிருப்பது மூன்றே முக்கால் மணி நேரம். வெளியே நடந்து பார்க்க வேண்டியவை அத்தனையும் அதற்குள் அடங்க வேண்டும்.

அடுத்தது, இருட்டிய பிறகு என்ன இருக்கிறது என்பது. பல அருங்காட்சியகங்களும் கோட்டைகளும் நாலு, ஐந்து மணிக்கே மூடிவிடும். கடைசி நுழைவு அதற்கும் அரை மணி, ஒரு மணி முன்பே. ஐந்திலிருந்து எட்டு வரை ஓர் ஊர் உங்களுக்கு எதையும் தராவிட்டால், விடுதி அறையில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கத்தான் அவ்வளவு பணம் கட்டியதாக ஆகும்.

மூன்றாவது மழை. இங்கிலாந்தின் நடுவே முதுகெலும்பாக ஓடும் பென்னைன் மலைத்தொடர், மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்றைத் தடுக்கிறது. அதனால் அதற்குக் கிழக்கே உள்ள யார்க்கிலும் டரமிலும் மழை குறைவு, மேற்கே உள்ள லிவர்பூலில் அதிகம். ஆனால் மழை பெய்யும் ஊர் என்பதற்காக ஒன்றைத் தள்ளிவிடக் கூடாது. மழை வந்தால் ஒதுங்கக் கூரை எவ்வளவு இருக்கிறது, அதற்குக் காசு கேட்கிறார்களா என்றுதான் பார்க்க வேண்டும்.

அப்புறம் நடை. ஈரமான கல் பாவிய தெருவில், பனிக்காற்றில், மேடு ஏறுவது எல்லோராலும் ஆகாது. கடைசியாகத்தான் பணம், அதிலும் ரயில் டிக்கெட்டில் தெரியாமல் ஒளிந்திருக்கும் பணம்.

| | யார்க் | பாத் | லிவர்பூல் | டரம், நியூகாசில் |
|---|---|---|---|---|
| லண்டனிலிருந்து ரயில் | கிங்ஸ் கிராஸ், சுமார் 2 மணி | பாடிங்டன், சுமார் 1 மணி 20 நிமிடம் | யூஸ்டன், சுமார் 2 மணி 15 நிமிடம் | கிங்ஸ் கிராஸ், சுமார் 3 மணி |
| இருட்டிய பிறகு | நன்று | வெந்நீர்க் குளத்துக்குப் போனால் மிக நன்று, போகாவிட்டால் சுமார் | நாலிலும் சிறந்தது | டரமில் குறைவு, நியூகாசிலில் நிறைய |
| மழை வந்தால் | சமாளிக்கலாம் | செலவாகும் | கவலையே இல்லை | பேராலயம் காப்பாற்றும் |
| நடை | சமதளம் | மேடு பள்ளம் | பெரும்பாலும் சமதளம், காற்று பலம் | செங்குத்து ஏற்றம் |
| மொத்தச் செலவு | நடுத்தரம் | அதிகம் | குறைவு | ரயில் அதிகம், ஊருக்குள் குறைவு |
| தவிர்க்க வேண்டிய நாள் | டிசம்பர் சனிக்கிழமைகள் | கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும் வாரங்கள் | கால்பந்து நடக்கும் நாள் | பனி உறைந்த காலை |

## யார்க்

இங்கிலாந்தில் லண்டனைத் தாண்டி எதுவும் பார்த்ததில்லை என்பவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் ஊர் இது. கி.பி. 71இல் ரோமானியர் படைமுகாம் அமைத்த இடம். 306இல் கான்ஸ்டன்டைன் பேரரசராக அறிவிக்கப்பட்டதும் இங்கேதான். பிறகு வைக்கிங்குகள், நார்மன்கள், கம்பளி வணிகர்கள், ரயில்வே, சாக்லேட் ஆலைகள் என்று ஒவ்வொரு காலமும் ஓர் அடுக்கை விட்டுப் போயிருக்கிறது. அத்தனையும் ஒரு மதில் சுவருக்குள், கால் வலிக்காமல் நடந்து முடிக்கும் தூரத்தில். குளிர்காலத்துக்கு இந்த நெருக்கம் ஒரு பெரிய வரம். குளிர் தாங்கவில்லையா, எந்த மூலையில் நின்றாலும் நூறு அடியில் ஒரு தேநீர்க் கடை உண்டு.

யார்க் மின்ஸ்டர் பேராலயத்துக்குப் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் ஏறக்குறைய 20 பவுண்ட். 1220இல் தொடங்கி 1472 வரை கட்டிய கட்டடம். கிழக்குக் கோடியில் இருக்கும் பெரிய கண்ணாடிச் சாளரத்தை ஜான் தார்ன்டன் என்ற கைவினைஞரின் பட்டறை 1405 முதல் 1408 வரை, மூன்றே ஆண்டில் முடித்தது. உலகம் தோன்றியதிலிருந்து அது முடிவதுவரை அந்த ஒரே சாளரத்தில் வரைந்து வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் இங்கே நேரம் முக்கியம். வண்ணக் கண்ணாடிக்கு உயிர் கொடுப்பது வெளியே இருக்கும் வெளிச்சம்தான். மூன்றரைக்கு மேல் உள்ளே போனால் அந்தச் சாளரங்கள் வெறும் கறுப்பாகத்தான் தெரியும், கொடுத்த காசு வீண். ஞாயிறு காலையில் வழிபாடு நடப்பதால் பார்வையாளர்களை மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே பேராலயத்துக்குள் மாலையில் காசில்லாமல் போகவும் வழி உண்டு. பெரும்பாலான நாட்களில் ஐந்தரை மணிவாக்கில் பாடகர் குழுவோடு மாலை வழிபாடு நடக்கும். மதம், நம்பிக்கை எதையும் யாரும் கேட்பதில்லை; அமைதியாக உட்கார்ந்து கேட்கலாம். பழைய மர இருக்கைகளுக்கு மேலே சின்ன விளக்குகள் மட்டும் எரியும். பாடல் முடிந்த பிறகும் அதன் ஒலி கூரையில் சில நொடி நின்றுவிட்டுத்தான் அடங்கும். சுற்றிலும் இருட்டு. கோடையில் போனால் கிடைக்காத அனுபவம் இது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் பாடகர்கள் சில நாள் விடுமுறையில் போவார்கள், அந்த வாரம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரைச் சுற்றியுள்ள இடைக்கால மதில் சுமார் 3.4 கிலோமீட்டர். இலவசம். பூதம் பார் என்ற மதில் வாயிலிலிருந்து மங்க் பார் வாயில் வரையுள்ள பகுதியில் நடந்தால் பேராலயத்தின் பின்பக்கமும் தோட்டங்களும் மிக நெருக்கத்தில் தெரியும். முழுதும் நடக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டுமாவது நடக்க வேண்டும். மதிலின் உட்பக்கத்தில் பல இடங்களில் கைப்பிடிக் கம்பியே கிடையாது. அதனால் பனி உறைந்தாலோ வழுக்கினாலோ பூட்டிவிடுவார்கள், இருட்டினாலும் பூட்டுவார்கள். காலையில் முதல் வேலையாக மதிலுக்குப் போய்விடுவது நல்லது.

ஷாம்பிள்ஸ் என்ற குறுகிய சந்து ஒரு காலத்தில் கசாப்புக் கடைத் தெரு. மாடிகள் ஒன்றை ஒன்று தொடுவது போலச் சாய்ந்து நிற்கும். கடை வாசல்களில் இறைச்சி தொங்கவிட்ட இரும்புக் கொக்கிகளும், துண்டு போட்டு வைத்த அகலமான சாளரப் பலகைகளும் இன்றும் இருக்கின்றன. டிசம்பர் சனிக்கிழமை மதியம் அங்கே போனால் கொக்கியைப் பார்க்க முடியாது, முன்னால் நிற்பவரின் தலைதான் தெரியும். அதே சந்து ஞாயிறு காலை ஒன்பதுக்கு ஆளில்லாமல் கிடக்கும்.

மழை வந்தால் தேசிய ரயில்வே அருங்காட்சியகம். நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, நுழைவு இலவசம். 1938இல் மணிக்கு 203 கிலோமீட்டர் வேகம் தொட்டு நீராவி இன்ஜின்களில் உலக சாதனை படைத்த மல்லார்ட் இங்கே நிற்கிறது. குழந்தைகளோடு போனால் இங்கேயே அரை நாள் போய்விடும்.

யார்க்குக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: வெள்ளம். வடமேற்கு மலைகளில் பெய்யும் மழை ஸ்வேல், யூர், நிட் ஆறுகள் வழியாக ஊஸ் ஆற்றில் வந்து சேரும். 2015 டிசம்பரில் வந்த வெள்ளத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அவ்வளவு மோசம் எப்போதாவதுதான். ஆனால் ஆற்றங்கரை நடைபாதை நீரில் மூழ்குவது எந்தக் குளிர்காலத்திலும் நடக்கும். மலையில் பெய்த மழை ஊருக்கு வந்து சேர நேரமாகும் என்பதால் முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்துவிடும். ஊருக்குள் பெரும்பாலான இடங்கள் பாதிக்கப்படாது. ஆற்றை ஒட்டிய விடுதி மலிவாகக் கிடைத்தால் மட்டும் ஒரு தடவை யோசியுங்கள்.

## பாத்

பாத் நகரத்துக்கு வெறுமனே சுற்றிப் பார்க்கப் போவது ஒரு கணக்கு, வெந்நீரில் இறங்கப் போவது இன்னொரு கணக்கு. இரண்டையும் சேர்த்துப் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது.

பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழைநீர் நிலத்தடியில் ஆழமாக இறங்கிச் சூடேறி, சுமார் 46 பாகை வெப்பத்தோடு இங்கே மேலே வருகிறது. ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டருக்கும் மேல். ரோமானியர் அதன்மேல் கட்டிய குளியல் மண்டபங்களை இன்றும் பார்க்கலாம். குளிர் கூடக் கூடப் பெருங்குளத்தின் பச்சைத் தண்ணீரிலிருந்து ஆவி அடர்த்தியாக எழும். வெயில் காலத்தில் இதே குளத்தைப் பார்த்தவர்களுக்கு, ஜனவரி மாலையில் பார்க்கும்போது வேறு இடம் என்றே தோன்றும். ஆனால் அந்தத் தண்ணீரில் கை வைக்கக்கூட அனுமதியில்லை. ரோமானியக் குளியலறை என்றதும் குளிக்கலாம் என்று நினைத்துத் துண்டு எடுத்துப் போகிறவர்கள் உண்டு.

குளிக்க வேண்டுமென்றால் 2006இல் திறந்த தெர்மே பாத் ஸ்பாவுக்குத்தான் போக வேண்டும். மாடியில் திறந்தவெளிக் குளம். இருட்டிய பிறகு, கழுத்துவரை வெந்நீர், முகத்தில் மட்டும் குளிர்காற்று, எதிரே பாத் அபி தேவாலயத்தின் விளக்குகள். "நாலு மணிக்குப் பிறகு என்ன செய்வது" என்ற கேள்விக்கு இந்த நாட்டில் கிடைக்கும் மிக நல்ல பதில்களில் இது ஒன்று என்பது என் கருத்து. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு வார இறுதியில் ஆளுக்கு 40 பவுண்டைத் தாண்டும். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. முன்பதிவு செய்யாமல் சனிக்கிழமை போய் நின்றால் இடம் கிடைப்பது சந்தேகம். பராமரிப்புக்காக மூடும் நாட்களும் உண்டு. விடுதியைப் பிடிக்கும் முன் குளத்தின் தேதியைப் பிடியுங்கள்.

மற்றபடி 30 வீடுகள் பிறை வடிவில் நிற்கும் ராயல் கிரசென்ட், 1767க்கும் 1774க்கும் இடையில் கட்டியது. அதன் அருகே சர்க்கஸ் என்ற பெயரில் வட்டமாக அமைந்த வீட்டு வரிசை. இருபுறமும் கடைகள் வரிசையாக நிற்கும் புல்ட்னி பாலம். ஊர் முழுக்க ஒரே தேன்நிறக் கல். குளிர்கால வெயில் தாழ்வாக விழுவதால் மதியம் இரண்டு மணிக்கே அந்தக் கல் மாலை வெயிலின் நிறத்துக்கு வந்துவிடும். ஆனால் இவையெல்லாம் வெளியே நின்று பார்ப்பவை. மழை பிடித்துக்கொண்டால் உள்ளே போக வேண்டும், உள்ளே போகும் இடம் பெரும்பாலும் கட்டணம். ரோமானியக் குளியலறையே 20 பவுண்டுக்கு மேல், வார இறுதியில் இன்னும் கூடுதல். விடுதிகளும் அப்படியே, வார இறுதி என்றால் குறைந்தது இரண்டு இரவு எடுத்தாக வேண்டும் என்று பல இடங்களில் சொல்வார்கள். ரயில் பயணம் குறைவாக இருப்பதால் மிச்சம் பிடிக்கலாம் என்று வருகிறவர்களுக்கு இங்கேதான் பை காலியாகும்.

இதற்கு நான் சொல்லும் வழி, பிரிஸ்டலில் தங்குவது. ரயிலில் கால் மணி நேரம்கூட ஆகாது. பெரிய நகரம், விடுதிகள் நிறைய, இரவு உணவுக்கும் தேர்வு அதிகம். அல்லது தங்கவே வேண்டாம்: காலை ரயிலில் வந்து, ஊரைப் பார்த்து, மாலை ஐந்து மணிக்கு வெந்நீரில் இறங்கி, எட்டு மணிக்கு மேல் கிளம்பினால் பத்து மணிக்குள் பாடிங்டன்.

நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுவரை கிறிஸ்துமஸ் சந்தை. மரக்குடில் கடைகள், விளக்குகள், எல்லாம் அழகுதான். ஆனால் சின்ன ஊருக்குள் பெரும் கூட்டம். சந்தைதான் வேண்டும் என்றால் வார நாளில் போங்கள். ஊர்தான் வேண்டும் என்றால் ஜனவரியில் போங்கள்.

## லிவர்பூல்

பட்டியலில் லிவர்பூலைப் பார்த்ததும் "அது கால்பந்தும் பீட்டில்ஸும்தானே?" என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். குளிர்காலத்துக்கு என்று தனியாகக் கணக்குப் போட்டால் நாலில் இதுதான் மேலே வர வேண்டும். மழைக்கு இவ்வளவு கூரையும் அந்தக் கூரைக்கு இவ்வளவு குறைந்த செலவும் வேறெங்கும் இல்லை.

லைம் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து வெளியே வந்து செயின்ட் ஜார்ஜ் மண்டபத்தைத் தாண்டினால் வில்லியம் பிரவுன் தெரு. அங்கே வாக்கர் ஓவியக்கூடம், மத்திய நூலகம், உலக அருங்காட்சியகம் மூன்றும் வரிசையாக ஒட்டி நிற்கின்றன. மூன்றுக்கும் நுழைவு இலவசம். உலக அருங்காட்சியகத்தில் மீன் காட்சியகமும் எகிப்தியத் தொகுப்பும் இருப்பதால் குழந்தைகள் நகர மாட்டார்கள். நூலகத்தில் 1879இல் திறந்த பிக்டன் வாசிப்பறையைப் பார்க்காமல் வராதீர்கள்: வட்டமான பெரிய கூடம், சுவர் முழுக்கப் புத்தகம், நடுவில் விளக்கு. யாரும் எதுவும் கேட்பதில்லை, போய் உட்காரலாம்.

ஹோப் தெருவின் இரண்டு முனையிலும் இரண்டு பேராலயங்கள். ஒரு முனையில் ஆங்கிலிக்கன் பேராலயம், பிரிட்டனிலேயே பெரியது. போட்டியில் வென்று இதை வடிவமைத்தபோது கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்டுக்கு வயது 22. 1904இல் தொடங்கிய வேலை 1978இல்தான் முடிந்தது. முடிவதைப் பார்க்க அவர் இல்லை. உள்ளே நின்று கூரையைப் பார்க்கும்போது கிடைக்கும் திகைப்புக்குக் கட்டணம் கிடையாது. மறு முனையில் 1967இல் திறந்த கத்தோலிக்கப் பேராலயம், வட்ட வடிவம், உச்சியில் வண்ணக் கண்ணாடிக் கோபுரம். இதைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நீலமும் சிவப்பும் தரையில் விழும். அதன் அடியில் இருப்பது புது டெல்லியைத் திட்டமிட்ட அதே லட்யன்ஸ் வடிவமைத்த நிலவறை. அவர் மனதில் இருந்த பிரம்மாண்டமான ஆலயம் போரினாலும் செலவினாலும் நின்றுபோக, இந்த நிலவறை மட்டும் மிஞ்சியது. இரண்டு ஆலயங்களுக்கும் இடையே பத்து நிமிட நடைதான், நடுவில் சாப்பிட நல்ல இடங்கள்.

சாப்பாடு என்றதும் சொல்லிவிடுகிறேன்: சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நாலு ஊர்களில் இங்கேதான் கவலை குறைவு. போல்ட் தெருவில் அரபு, துருக்கி, கிரேக்கம், இந்தியா என்று எல்லாம் உண்டு. இந்தியத் தெரு உணவுக்குப் பேர் வாங்கிய மௌக்லி உணவகம் 2014இல் முதலில் திறந்ததும் இந்தத் தெருவில்தான். ஐரோப்பாவின் மிகப் பழைய சீனக் குடியிருப்பும் நடை தூரம்.

சனிக்கிழமை இருட்டிய பிறகு ஆல்பர்ட் டாக் என்ற பழைய கப்பல்துறை, பீட்டில்ஸ் பாடிய மாத்யூ தெரு, இசை, நாடகம் என்று இரவு நீளும். மாத்யூ தெருவில் சனி இரவு சத்தமும் குடியும் அதிகம். பெற்றோரோடும் குழந்தைகளோடும் போகிறவர்கள் பகலில் எட்டிப் பார்த்துவிட்டு ஹோப் தெருப் பக்கம் போய்விடலாம்.

ஞாயிறு காலைக்கு க்ராஸ்பி கடற்கரை. மெர்சிரெயில் என்ற உள்ளூர் ரயிலில் இருபது நிமிடம், பிறகு கொஞ்சம் நடை. சிற்பி ஆன்டனி கோர்ம்லி வார்த்த 100 இரும்பு மனிதர்கள் கடலைப் பார்த்து நிற்கிறார்கள். அலை ஏறும்போது சிலர் கழுத்துவரை மூழ்குவார்கள், இறங்கும்போது கால்வரை தெரிவார்கள். தூரத்துச் சிலையை நோக்கி மணலில் இறங்கிப் போகாதீர்கள். சேறும் உண்டு, தண்ணீர் சீக்கிரம் ஏறும். காதை மூடும் தொப்பி இல்லாமல் இந்தக் கரையில் பத்து நிமிடம் நிற்க முடியாது.

குறைகளும் இருக்கின்றன. டேட் லிவர்பூல் கலைக்கூடம் 2023இலும், ஆல்பர்ட் டாக்கில் உள்ள கடல்சார் அருங்காட்சியகமும் அடிமை வணிக அருங்காட்சியகமும் 2025 தொடக்கத்திலும் பெரிய புதுப்பிப்புக்காக மூடப்பட்டன. அவற்றுக்காகவே போகிறவர்கள் திறந்தாயிற்றா என்று பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். பீட்டில்ஸின் லெனன், மக்கார்ட்னி இருவரின் சிறுவயது வீடுகளும் நடுக்குளிர்காலத்தில் திறப்பதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், கால்பந்து அட்டவணை. ஊரின் இரண்டு அணிகளான லிவர்பூலோ எவர்டனோ சொந்த மைதானத்தில் ஆடும் வார இறுதியில் விடுதி விலை எகிறும், ரயிலில் நிற்க இடம் இருக்காது. இந்த ஒரு தேதியைப் பார்க்காமல் பதிவு செய்வதால்தான் "லிவர்பூல் செலவாகும்" என்ற பேச்சு வருகிறது.

## டரம், கூடவே நியூகாசில்

ரயில் டரமை நெருங்கும்போது உயரமான பாலத்தின் மேல் போகும். அந்த அரை நிமிடத்தில் ஊர் முழுக்கக் கீழே விரிந்து, குன்றின் மேல் பேராலயமும் கோட்டையும் தெரியும். தெற்கிலிருந்து வரும்போது வலப்பக்கச் சாளரத்தில் உட்காருங்கள்.

1093இல் தொடங்கிய பேராலயம் இது. உள்ளே உள்ள பெரிய தூண்களின் உயரம் 6.6 மீட்டர், சுற்றளவும் அதே 6.6 மீட்டர். ஒன்றில் வளைவு வளைவாக, ஒன்றில் கட்டம் கட்டமாக, ஒவ்வொன்றிலும் வேறு செதுக்கல். கல்லைக் கைக்கு அடக்கமான பொருளாக நினைத்து வேலை செய்திருக்கிறார்கள். யார்க் பேராலயத்தைவிட இதுதான் எனக்குப் பிடிக்கும். கட்டாயக் கட்டணம் கிடையாது, விரும்பிய நன்கொடை.

ஆனால் பேராலயம், கோட்டை, ஆற்றங்கரை பார்த்து முடிந்தால் ஊர் முடிந்தது. கோட்டை பல்கலைக்கழகத்தின் ஒரு கல்லூரி. வழிகாட்டியோடுதான் உள்ளே போகலாம். நிலையத்திலிருந்து ஏற்றம் கடுமை. ஆற்றங்கரைப் பாதையில் அழுகிய இலைகள் வழுக்கும். மாலையில் மாணவர்களுக்கான ஊர் அது. ஆகவே இரவு தங்க நியூகாசில். ரயிலில் கால் மணி நேரம். டைன் ஆற்றுக்கு மேல் வரிசையாக ஏழு பாலங்கள், எதிர்க்கரையில் பழைய மாவு ஆலையில் இயங்கும் பால்டிக் கலைக்கூடம் இலவசம், லேங் ஓவியக்கூடமும் இலவசம். ஞாயிறு மெட்ரோவில் டைன்மவுத் போனால் ரயில் நிலையத்துக்குள்ளேயே சந்தை, வெளியே வட கடல். யார்க்கையும் லிவர்பூலையும் ஏற்கெனவே பார்த்துவிட்டவர்களுக்கு இது அடுத்த படி. மூன்று நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. போக வர ஆறு மணி நேரம் ரயிலில் போகிறது.

## ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும்

இரண்டும் லண்டனிலிருந்து ஒரு மணி நேரத் தூரம். தங்க வேண்டியதில்லை, பகலில் போய் வந்துவிடலாம். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன், கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் இரண்டும் இலவச அருங்காட்சியகங்கள், மழைக்குப் போதும். ஆக்ஸ்ஃபோர்டில் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் ஜி.யு. போப் துயில்கிறார். திருக்குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்த அவர் 1908இல் இங்கேதான் மறைந்தார். சின்ன, அமைதியான இடம். தமிழ் படித்தவர்கள் ஒரு பூ வைத்துவிட்டு வரலாம்.

## விலைப்பட்டியலில் தெரியாத செலவு

ரயில் டிக்கெட் மலிவாகக் கிடைக்கும் நாளில் பாதை வேலை நடக்கிறதா என்று பாருங்கள். வார இறுதிகளில், அதிலும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஒட்டி, தண்டவாள வேலைக்காகப் பாதையை மூடி ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். இரண்டு மணி நேரப் பயணம் நாலு மணி நேரமாகும். பகலே ஏழரை மணி நேரம்தான் இருக்கும்போது அது பெரிய இழப்பு. டிசம்பர் 25 அன்று ரயிலே கிடையாது, 26 அன்றும் கிட்டத்தட்ட இல்லை. தாமதமானால் 15 அல்லது 30 நிமிடத்திலிருந்து இழப்பீடு கேட்கலாம், நிறுவனத்தைப் பொறுத்தது; டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இருவராகப் போகிறவர்களுக்கும் குடும்பமாகப் போகிறவர்களுக்கும் தனித்தனி ரயில்கார்டு உண்டு. ஆண்டுக்குச் சுமார் 35 பவுண்ட், பெரியவர் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி, குடும்ப அட்டையில் பிள்ளைகளுக்கு 60 சதவீதம். யார்க்கோ டரமோ ஒருமுறை போய் வந்தாலே அட்டையின் காசில் பெரும்பகுதி திரும்பிவிடும். கோச் பஸ் இதைவிட மலிவு, ஆனால் லிவர்பூலுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெள்ளி மாலையே கிளம்பினால் மட்டும் அது லாபம்.

ஞாயிறன்று பெரிய கடைகள் ஆறு மணி நேரம்தான் திறக்கலாம் என்பது 1994இலிருந்து சட்டம். பப்களில் ஞாயிறு மதிய உணவு தீர்ந்ததும் சமையலறையைச் சாத்திவிடுவதும் வழக்கம். திங்கள் விடுமுறை எடுக்க முடிந்தால் ஞாயிறு இரவு தங்குங்கள், அறை வாடகை கணிசமாக இறங்கும். லிவர்பூலின் அருங்காட்சியகங்கள் பல திங்களன்று மூடியிருக்கும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

## எந்த மாதம்

விளக்கு அலங்காரமும் சந்தையும் வேண்டும் என்றால் டிசம்பர்தான், வேறு வழியில்லை. எனக்குப் பிடித்தது ஜனவரி கடைசியும் பிப்ரவரியும். ஜனவரி முடியும்போது யார்க்கில் நாலரை வரை வெளிச்சம் இருக்கும், பிப்ரவரி நடுவில் ஐந்தைத் தாண்டும். கூட்டமும் விலையும் குறைவு. பிப்ரவரியில் பள்ளிகளுக்கு ஒரு வாரம் விடுமுறை வரும். அந்த வாரம் யார்க்கில் வைக்கிங் திருவிழா நடப்பதால் மறுபடி விலை ஏறும். பிள்ளைகள் இருந்தால் அதற்காகவே போகலாம், இல்லையென்றால் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம்.

## யாருக்கு எது

ஊரிலிருந்து பெற்றோர் வந்திருந்தால் யார்க். சமதளம், தூரம் குறைவு, உட்கார இடம் நிறைய. மதிலுக்கு மேலே ஏற்றாதீர்கள். கீழேயே பார்க்க ஏராளம் இருக்கிறது. முதல்முறை இந்தக் குளிரைப் பார்க்கிறவர்களுக்கு கையுறையைவிட நல்ல அடிப்பாகம் உள்ள காலணி முக்கியம்.

பத்து வயதுக்குக் கீழ் பிள்ளைகள் என்றால் லிவர்பூல். யார்க்கும் தாங்கும், ரயில் பைத்தியம் பிடித்த பிள்ளை என்றால் யார்க்குக்கே முதலிடம். பாத் வேண்டாம்.

கணவன் மனைவி இருவர் மட்டும், செலவைப் பற்றி அந்த ஒரு வார இறுதிக்கு யோசிக்க வேண்டாம் என்றால் ஜனவரியில் பாத், மாலை நேரக் குளியலோடு.

மாணவர்கள், நண்பர்கள் குழு என்றால் லிவர்பூல் அல்லது நியூகாசில். தனியாகப் போக நினைப்பவர்களுக்கு டரம். ஒருவர் மட்டும் அமைதியாகப் பேராலயத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் யாரும் விசித்திரமாகப் பார்க்காத ஊர்.

எந்த ஊர் என்று முடிவானதும் இந்த வரிசையில் போங்கள்: கால்பந்து, பள்ளி விடுமுறை, தண்டவாள வேலை மூன்றின் தேதிகள், அப்புறம் ரயில், அப்புறம் அறை. மலிவான முன்பதிவு டிக்கெட்டுகள் பொதுவாகப் பயணத்துக்குப் பன்னிரண்டு வாரம் முன்பு வரத் தொடங்கும், வார இறுதிக்குச் சில சமயம் தாமதமாகும். அப்படித் தாமதமானால் மட்டும், விடுதியை இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு முதலில் பிடித்து வைத்துக்கொண்டு, ரயில் உறுதியான பிறகு மலிவான அறைக்கு மாறிக்கொள்ளலாம்.